ஜோத்தாம் வீடு திரும்பிய வழி

சவப்பெட்டியோடு பிக்கப் வண்டி மூன்றாவது முறையும் சேற்றில் இறங்கியதும் மினாயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிடுலா ஏற்றத்தில் இன்னும் பாதி வழி கிடந்தது. மேலே வீட்டில் குவேக்கர் கிறிஸ்தவ சபையே திரண்டு காத்திருந்தது.

"அப்பா என்னைக்கு நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்திருக்கார்?" என்றான் தம்பி இம்புகா, சக்கரத்துக்கடியில் கல்லைத் திணித்தபடி.

"மெல்லப் பேசுடா, அவர் காதுல விழுந்துடப் போகுது," என்றாள் அம்மா ககேஹா. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

பதினோரு வருஷமாக ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா ஜோத்தாம் அடிவாரத்திலிருந்த அந்நிய ராணுவ முகாமுக்குத்தான் நேரே போவார். 'உங்கள் போர் எங்கள் மண்ணில் வேண்டாம்' என்ற அட்டையோடு வாசலில் ஒரு மணி நேரம் பேசாமல் நிற்பார். முதலில் ஒற்றை ஆள். பிறகு மினாயோ. கடைசியில் நாற்பது பேர். இரண்டு முறை உள்ளே தள்ளினார்கள். ஜெயிலிலும் ஜெபக்கூட்டம் நடத்திவிட்டு வந்தார். முகாம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று நாடாளுமன்றம் அடுத்த மாதம் பேசப்போகிறது. அதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டது.

பின்னால் ஹாரன் சத்தம். முகாமின் லாரி. அதிகாரி ஒருவன் இறங்கி, கற்றுக்கொண்ட அரைகுறை சுவாஹிலியில், "நாங்க... கட்டி இழுக்கலாம்?" என்றான்.

"கயிறு இருக்குக்கா!" இம்புகா துள்ளினான்.

"பதினோரு வருஷம் அந்த வண்டிக்கு முன்னாடி நின்ன மனுஷன்டா. இன்னைக்கு அது பின்னாடி போவாரா? நாளைக்கே பேப்பர்ல படம் போட்டு, பாத்தியா, அவரையே நாங்கதான் இழுத்தோம்னு சொல்லுவாங்க," என்றாள் மினாயோ.

அம்மா மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை வலுத்தது.

மினாயோ அதிகாரியிடம் திரும்பினாள். "லாரி வேணாம். தோள் குடுக்கறதுன்னா வாங்க. துப்பாக்கிய வச்சுட்டு வாங்க."

அவன் லாரியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிறகு தன் இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஐந்து சிப்பாய்களைக் கூப்பிட்டான்.

வெறுங்கையோடு ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். நான்கு அடிக்கு ஒரு வழுக்கல். "நேராப் பிடி தம்பி, அவருக்குத் தலை சுத்தும்!" என்று அம்மா அதட்டினாள், மொழி புரியாமலே முன்னால் தூக்கிய சிப்பாய்ப் பையன் நிமிர்ந்தான். அவள் பாட்டெடுத்தாள். அவர்களும் மெட்டைக் கொலைசெய்தபடி கூடவே முனகினார்கள். இம்புகா சிரித்துச் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்தே விட்டான்.

வீட்டு வாசலில் கூட்டம் விலகி வழி விட்டது. சபை எழுத்தர் அடகாலா முன்னால் வந்தார். "யாரம்மா இவங்க?"

"அவரைத் தூக்கிட்டு வந்தவங்க," என்றாள் அம்மா.

பெட்டியை இறக்கினார்கள். சபை வழக்கப்படி எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக நின்றார்கள். சிப்பாய்களும்.

மௌனம் கலைந்ததும் மினாயோ அதிகாரியின் அருகில் போனாள். "வர்ற ஞாயித்துக்கிழமையும் முகாம் வாசலுக்கு வருவோம். அவர் இடத்துல நான்."

"தெரியும்," என்றான் அவன். போவதா நிற்பதா என்று தெரியாமல், முழங்கை வரை செம்மண் அப்பிய கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தான்.

அம்மா குடமும் சொம்புமாக வந்தாள். "கையை நீட்டு. சாப்பிட வேணாமா?"

அவன் நீட்டினான். அவள் ஊற்றினாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அவள் இன்னொரு சொம்பு மொண்டாள்.