எதிர் ஊஞ்சலின் எடை

ஒரே கம்பியில் இரண்டு ஊஞ்சல்கள். ஒன்றில் ஆடினால் வேகம் கம்பி வழியாக மெல்ல மற்றதற்குப் போய்விடும். ஆடியவர் நின்றுவிடுவார், சும்மா உட்கார்ந்திருந்தவர் ஆடத் தொடங்குவார். பிறகு அது திரும்பி வரும். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்தால் போதும்.

கண்காட்சியில் நான் ஒரு பக்கம், யாராவது ஒரு வாண்டு மறுபக்கம் உட்கார்ந்தால், நான் செய்த இந்த ஊஞ்சல் சிற்பம் அருமையாக ஆடியது. பெரியவர்கள் உட்கார்ந்தால் சண்டித்தனம் செய்தது. ஆடத் தெரியாத ஜென்மங்கள் என்று பழியை அவர்கள் மேல் போட்டேன். உண்மையில் நான் காத்திருந்தது என் மகளுக்காக. நானும் அவள் அம்மாவும் பிரிந்தபோது, சிறுமியாக அம்மாவோடு போனவள். ஃபோனில் "சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டி எங்களுக்குப் பேச்சு வராது. என் ஆட்டம் முழுவதும் அவளுக்குப் போய்ச் சேர்வதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

கடைசி நாளில், பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். நான் உந்தி ஆடினேன். அவளுடைய ஊஞ்சல் லேசாக அசைந்தது. என்னுடையது நிற்கவே இல்லை.

"அப்பா, வேலை செய்யலயே."

"செய்யும். கொஞ்சம் பொறு."

செய்யவில்லை. அவள் இறங்கிக் குனிந்து தன் பலகைக்கு அடியில் பார்த்தாள்.

"எதுக்கு இவ்ளோ இரும்பு?"

"நீ எடை கம்மியில்ல? என்னோட சரிக்கட்டத்தான்."

"எவ்ளோன்னு நினைச்சீங்க?"

"முப்பத்தஞ்சு கிலோ."

சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அது ஏழாவது படிக்கறப்போ, அப்பா."

எடைத் தகடுகளை எப்போதும் போல்ட் போட்டுத்தான் மாட்டுவேன், நாளைக்கு மாற்ற வேண்டி வருமே என்று. அவள் பலகை இரும்பை மட்டும் வெல்டிங் வைத்திருந்தேன்.

அவள் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "பிடிச்சுக்கோங்க. இப்ப எடை சரியாயிடும்."

"கல்லாம்மா உள்ள?"

"என்னோட எல்லாமே. வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. சாயங்காலம் ஃப்ளைட். இனிமே அங்கதான்."

எதிரே போய் உட்கார்ந்தாள். பெட்டி கனத்தில் தொடை நசுங்க மறுபடி உந்தினேன். என் ஊஞ்சல் தளர்ந்து தளர்ந்து நின்றது. அவள் உயர உயரப் போனாள், வாய்விட்டுச் சிரித்தாள். ஆசைப்பட்டதுதான் நடந்தது.

இறங்கி வந்து கையை நீட்டினாள். "குடுங்கப்பா, நேரமாச்சு."

நான் கைப்பிடியை விடவில்லை. "இன்னும் ஒரு தடவை."

கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணுதான்."

பெட்டியை இறுக அணைத்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி உந்தினேன்.