காற்று புகாத அறை

மலையிலிருந்து இறங்கும் மார்கழிக் காற்று போடியில் எல்லார் வீட்டுக்கும் வந்து போகும். ஜெபமணியின் வாடகை அறையில் மட்டும் அது குடியே இருந்தது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. கதவுக்கு அடியில் எலி போய் வரலாம். ஜன்னல் பலகைகள் இரண்டும் என்றைக்குமே ஒன்றோடொன்று சேர்ந்ததில்லை.

அந்த அறையில்தான் அவன் மனைவி கிருபாவதியும், மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தையும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளை உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது, குளிர்ந்தால் பால் குடிக்காது, குடிக்காவிட்டால் தாங்காது. அன்றிலிருந்து ஜெபமணிக்குப் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. தன் கைதான் குளிர்ந்திருக்கிறதோ என்று சந்தேகம் வரும். கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தொடுவான்.

பகலில் இலவம்பஞ்சு சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் அவனுக்கு எடை போடும் வேலை. சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு. கொட்டை நீக்கியபின் கிட்டங்கித் தரையில் மிஞ்சும் கழிவுப் பஞ்சை முதலாளி சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வேலையைத் தொடங்கினான். ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போனான். புகை சாய்ந்த இடத்திலெல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டான். கோடு விழுந்த இடுக்குகளில் பஞ்சைத் திணித்தான்.

வீட்டுச் சொந்தக்காரி பிச்சையம்மாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஏ தம்பி, வீட்டுக்கே மெத்தை தைக்கிறியாக்கும்? அப்பிடியே எனக்கும் ஒரு தலகாணி அடச்சுக் குடு."

"பிள்ளைக்குக் குளிருதுக்கா. அடச்சிட்டுக் கரி போட்டுக் குமுட்டி அடுப்பு வைக்கப் போறேன்."

"பஞ்சுக்குக் கீழ நெருப்பா? நல்லாப் படிச்ச பிள்ளதான் நீ."

அந்தச் சொல் அவனைக் குடைந்தது. கிட்டங்கியில் பீடி வைத்திருப்பவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இலவம்பஞ்சில் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். செம்மண்ணையும் சாணியையும் குழைத்துப் பஞ்சின்மேல் கெட்டியாகப் பூசினான். காய்ந்து வெடித்த இடங்களில் மறுபடியும் பூசினான். குமுட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்தான். எல்லாம் முடிந்தபின் ஊதுபத்தியை ஏற்றினால் புகை நூல் பிடித்ததுபோல நேரே மேலே போயிற்று. தான் செய்த ஒரு காரியம் சரியாக வந்திருக்கிறது என்று அவனுக்கே நம்ப முடியவில்லை.

புகை பிள்ளைக்கு ஆகாதே என்று கரியை முற்றத்தில் வைத்துக் கனியவிட்டு, புகை அடங்கியபிறகே அடுப்பை உள்ளே கொண்டுவருவான். அறை கதகதப்பாயிற்று. பிள்ளையும் சிறுகச் சிறுகப் பால் குடித்தது. கிருபாவதி மட்டும், "தலை கனமா இருக்குங்க, குமட்டுது" என்றாள். பனி இறங்கியிருக்கும் என்று அவன் இன்னும் கொஞ்சம் கரி போட்டான்.

புதன்கிழமை குளிர் கடுமை. வகுப்புக்குக் கிளம்புமுன் கரியை நிறைய அள்ளிப் போட்டு, கதவடியில் சாக்கைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். வகுப்பில் விரல் ஒரு எழுத்திலும் நிற்கவில்லை. சாக்கு அடுப்புக்கு எட்டத்தில்தான் இருக்குமா? அவள் அசந்து தூங்கியிருந்தால்? பாதியிலேயே எழுந்து வந்துவிட்டான்.

கதவைத் தள்ளினான். எதுவும் பற்றவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டவன் அரிக்கேன் விளக்கைப் பார்த்தான். எண்ணெய் நிறைய இருந்தும் சுடர் பொட்டாகச் சுருங்கியிருந்தது. அவன் திறந்த கதவருகே நிற்கும்போதே அது மெல்ல எழுந்தது.

கிருபாவதி சுவரில் சாய்ந்து கிடந்தாள். வார்த்தை இழுத்தது. "சாயங்காலத்துலருந்து குடிக்கலங்க. எழுப்பினாலும் முழிக்க மாட்டேங்கிறா."

தூக்கினான். உள்ளங்கால் நல்ல சூடு. ஆனால் கையும் காலும் துவண்டு தொங்கின. சூடாக இருக்கிற பிள்ளை ஏன் குடிக்கவில்லை? கரி எரித்தது போக விளக்குக்கே போதாத காற்று பிள்ளைக்கு எப்படிப் போதும்?

பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, கிருபாவதியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். சத்தம் கேட்டுப் பிச்சையம்மாள் ஓடி வந்தாள்.

"ஏலே, பச்சப் பிள்ளையப் பனியில வச்சுக்கிட்டு நிக்கிற. கிறுக்குப் பிடிச்சிருச்சா? உள்ள போ."

"உள்ள காத்து இல்லக்கா."

"காத்து வரக் கூடாதுன்னுதான அடச்ச?"

தான் நினைப்பது தப்பாக இருந்தால், பிள்ளையைக் குளிரில் கொண்டுவந்து கொன்றவன் அவன்தான். சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துப் பிள்ளையை வெறும் மார்பில் ஒட்ட வைத்து, மேலே சட்டையையும் துண்டையும் சுற்றிக்கொண்டான். "அக்கா, அந்தக் குமுட்டிய வெளிய எடுத்துருங்க. மேல ஒரு பக்கம் மண்ணக் குத்தி விடுங்க. கோவிச்சுக்காதீக."

அவள் முனகிக்கொண்டே அடுப்பை வெளியே தள்ளி, கடப்பாரையால் சுவரின் மேற்புறத்தைக் குத்தினாள். மண் பெயர்ந்து விழ, பஞ்சு பறந்தது. "நர்ஸம்மாவக் கூட்டியாறேன். அதுவரைக்கும் நீயா ஒண்ணும் பண்ணாத" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

மார்பில் கிடந்த பிள்ளையிடம் அசைவே இல்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டான். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பிறகு ஒரு சின்னத் தும்மல். ஒரு காலை உதைத்தது. நூல்போல ஒரு அழுகை புறப்பட்டு, நின்று, மறுபடியும் வந்தது.

"இங்கன குடுங்க" என்று கிருபாவதி கையை நீட்டினாள்.

அறைக்குள் காற்று பழையபடி நுழைந்துகொண்டிருந்தது. உள்ளே போய் அவள் மூலையில் போர்வைக்குள் பிள்ளையைத் தன் உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "கதவச் சாத்தாதீக."

அவன் திறந்த கதவின் நடுவே, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"குடிக்கிறாளா?"

"குடிக்கிறா."

"நல்லாவா?"

"சும்மா கேட்டுக்கிட்டே இருக்காதீக. அவ பயந்துக்கிருவா."

முதுகு விறைத்தது. தெருவில் நர்ஸின் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, மறுபடியும் கேட்டான்.