முனையைச் சுற்றிப் போகும் சாலை

சாப்பாட்டு மேசையில் சாலை வரைபடத்தை விரித்து, மூலைகளில் டம்ளர்களை வைத்தார் லிஃப்ட் மெக்கானிக். எதிரே அவர் மனைவி. பள்ளி வேன் ஓட்டியவள். பிள்ளைகள் வைத்த பெயர் வேனக்கா. சிறுநீரகங்கள் கைவிட்டபின் வேன் வேறு கைக்குப் போய்விட்டது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி மட்டும் ஒரு நாள் கூடுதலாக இடைவெளி கிடைக்கும்.

கடலோரச் சாலையில் கடைசிவரை போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை. வழியில் எந்தெந்த ஊரில் மெஷின் உண்டு, எங்கே இடம் தருவார்கள் என்று வார்டு நர்ஸ் போன் போட்டு விசாரித்துச் சொல்லியிருந்தாள். அந்த ஊர்களையெல்லாம் அவர் சிவப்பு மையில் வட்டமிட்டு, கோடு இழுத்து இணைத்திருந்தார்.

அவள் விரல் கோட்டின்மேல் ஊர்ந்து, ஓரிடத்தில் நின்றது.

“இதென்ன, கோடு உள்ளுக்குள்ள திரும்புது? முனை எங்க போச்சு?”

கடலுக்குள் மூக்கை நீட்டியது போன்ற முனை அது. அதைச் சுற்றிய சாலையில் ஊர் என்று சொல்ல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள்தான்.

“அங்க ஆஸ்பத்திரி இல்லம்மா. போன் சிக்னல்கூட கிடைக்காதாம்.”

“அந்தக் கூடுதல் நாள்ல போயிட்டு வந்துரலாமே?”

“நடுவழியில உனக்கு மூச்சு வாங்கிச்சுன்னா? ஒரு கயிறு தாங்குற லிஃப்டுக்கே நாங்க நாலு கயிறு போடறோம்.”

“நான் லிஃப்ட் இல்லைங்க.” சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “ஊர் ஊரா மெஷின் பாக்கவா இவ்வளவு தூரம் வர்றேன்?”

அவர் எழுந்துபோய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். குழாயை நிறுத்தாமல் சொன்னார்: “போறப்ப ரெண்டு பேரு, வர்றப்ப நான் மட்டும்னா... அந்த வண்டிய என்னால ஓட்டிட்டு வரமுடியாது.”

அவள் எழுந்தாள். பக்கத்தில் வந்து அவருடைய ஈரக்கையை எடுத்து, தன் இடது முன்கையில் வைத்துக்கொண்டாள். மெஷினுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம். உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடுவது அவர் விரல்களுக்குத் தெரிந்தது.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றாள். “இருந்தாலும் போலாம்.”

மறுநாள் டாக்டரிடம் கேட்டார்கள். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லி, அரைமனதாகத் தலையசைத்தார்.

பயணத்தில் அந்தக் கூடுதல் நாள் வந்தது; முனைச் சாலை தொடங்கிய இடத்தில் அவள் ஸ்டியரிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பள்ளி வேன் வேகம்தான். வளைவுக்கு வளைவு ஹாரன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தில் கடல். அவர் கைப்பிடியை விடவே இல்லை. முனையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, அவள் அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். அவள் மூச்சின் சத்தம் வழியெல்லாம் அவருக்குக் கேட்டது.

அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது அவள் கால்கள் வீங்கி, செருப்பு வார் சதையில் புதைந்திருந்தது. மெஷினை மாட்டியதும் தூங்கிப்போனாள். அங்கிருந்த நர்ஸ் அவரை வெளியே அழைத்தாள்.

“இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா சிக்கலாயிருக்கும். இனிமே இப்படி ரிஸ்க் எடுக்காதீங்க, சார்.”

“சரிம்மா,” என்றார்.

அவள் கண் விழித்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“நர்ஸ் என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல. தூங்கட்டும்னாங்க.”

“பசிக்குது,” என்றாள்.

அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தத் தெரியாத ஊரில் உப்பில்லாமல் சமைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கக் கிளம்பினார்.