ஜட்காப் பட்டை

செங்கம்மாவுக்கு அன்று காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பட்டறை உலையைப் பற்றவைத்தாள், வேலைதான் ஒன்றும் இல்லையே என்று அணைத்தாள். சாலைக்கு வந்து பிச்சாட்டூர்ப் பக்கம் பார்த்தாள். உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து மூடினாள். மறுபடியும் சாலைக்கு வந்தாள். புத்தூரில் அன்று கடையடைப்பு. பஸ் கிடையாது, லாரி கிடையாது. ஈ காக்கை இல்லாத சாலையை ஒருத்தி இத்தனை தடவை வந்து பார்த்தால் யாராவது கேலி செய்வார்கள். கேலி செய்யவும் அன்று ஆள் இல்லை, எதிரே ஜட்காவை அவிழ்த்துப்போட்டுவிட்டுக் குதிரைக்குப் புல் காட்டிக்கொண்டிருந்த கங்கையாவைத் தவிர.

அவள் எதிர்பார்த்தது ஒரு வக்கீலை. அவள் புருஷன் கோவர்த்தனன் சித்தூரில் காவலில் இருந்தான். ஆந்திர ராஜ்யம் பிறந்து இரண்டு வருஷம் ஆகியும் எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற வழக்கு முடிந்தபாடில்லை. அந்த வழக்கில் உனக்கென்ன வந்தது என்று செங்கம்மா அவனைக் கேட்காத நாளில்லை. வண்டிகளுக்கு அடியில் ஸ்பிரிங்காகப் போடுகிற எஃகுப் பட்டைகளை அடித்து வளைத்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். லாரிக்காரன் தெலுங்கில் திட்டினாலும் தமிழில் திட்டினாலும் உடைந்த பட்டை உடைந்ததுதான். பள்ளம் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. கோவர்த்தனன் கேட்டால்தானே. நகரி நெசவுக்காரர்களோடு போய், தமிழ்ப் பக்கம்தான் சேரவேண்டும் என்று ரயில் பாதையில் உட்கார்ந்தான். எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

கூடப் பிடிபட்டவர்கள் ஜாமீனே வேண்டாம், ஜெயிலில் இருந்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் தறியை ஓட்ட வீட்டில் ஆள் உண்டு. கோவர்த்தனன் ஒருவன்தான் ஜாமீனுக்குச் சம்மதித்திருந்தான். இனி மறியலுக்குப் போகமாட்டேன் என்று மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லவேண்டும், பக்கத்தில் வக்கீல் நிற்கவேண்டும், அவ்வளவுதான். பட்டறை சும்மா கிடக்கிறது, பெண்டாட்டியால் ஒண்டியாக முடியாது என்று அவன் சொல்லியனுப்பியதைக் கேட்டு செங்கம்மாவுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. தன்மேல் இருக்கும் ஆசையால் வராவிட்டாலும், தன்னால் முடியாது என்பதற்காகவாவது வருகிறானே.

வக்கீல் ஆதிநாராயணன் மெட்ராஸிலிருந்து இந்த வழியாகத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தார். ஆனால் கார் வந்த கோலத்தைப் பார்த்ததும் செங்கம்மா எதிர்கொண்டு ஓடினாள்.

சீமைக்குத் திரும்பிப் போன தேயிலைத் தோட்டத் துரை ஒருவரிடம் வாங்கிய கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை இல்லை, மூக்கு நீளம், நிறம் சிவப்பு. பந்தயத்தில் ஓடவேண்டிய கார் நொண்டிக்கொண்டு வந்தது. இடதுபக்கப் பின்சக்கரம் மட்கார்டில் உரசி, ரப்பர் கருகும் நாற்றம் காருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. ஆரணியாற்றுத் தரைப்பாலத்தில் வெள்ளம் அரித்த பள்ளம் ஒன்றில் இறக்கிவிட்டாராம். உடைந்த இடத்தில் கட்டையை வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் ஊர்ந்து வந்திருக்கிறார்.

செங்கம்மா மல்லாந்து காருக்கு அடியில் போய்ப் பார்த்தாள். மேல்பட்டை கண்ணுக்குப் பக்கத்தில் ஒடிந்திருந்தது. கண் என்றால் பட்டையின் நுனியைச் சுருட்டி உண்டாக்குகிற வளையம். அதன் வழியாகத்தான் பட்டை காரோடு சேரும். கண் போனால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. அச்சோடு பட்டையை இறுக்கும் யு போல்ட்டும் வளைந்திருந்தது. கண்ணுக்குள் இருந்த ரப்பர் கிழிந்து தொங்கியது.

வக்கீல் அவளை யாரென்று தெரியாமல் கொல்லர் எங்கே என்று கேட்டார். நீங்கள் ஜாமீனில் எடுக்கப்போகிறவர்தான் கொல்லர் என்றாள் செங்கம்மா. மனிதர் அப்படியே பட்டறைக்கல்மேல் உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்து மாஜிஸ்திரேட் வந்து உட்கார்ந்ததும் முதல் கேஸ் இதுதான். பஸ் இல்லை. ரயிலில் போனால் ரேணிகுண்டா, திருப்பதி, பாகாலா என்று வண்டி மாறிச் சித்தூர் போவதற்குள் கோர்ட்டைப் பூட்டிவிடுவார்கள். இன்று தவறினால் கோவர்த்தனனும் மற்றவர்களோடு ஜெயிலுக்குப் போகவேண்டியதுதான்.

இத்தனை வருஷமும் துருத்தி இழுத்தவள் அவள், சம்மட்டி அடித்தவள் அவள். குறடு பிடித்ததும் பதம் பார்த்ததும் கோவர்த்தனன். எஃகைக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டி, வளைந்தால் நிமிரும்படி செய்வதுதான் பதம். அதில் மட்டும் அவளை அவன் கை வைக்க விட்டதில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. செங்கம்மா உலையைப் பற்றவைத்தாள். வக்கீலைப் பார்த்துக் கோட்டைக் கழற்றச் சொன்னாள்.

லாரிப் பட்டை எல்லாம் அந்தக் காருக்கு அகலம். பழைய இரும்புக் குவியலில் ஜட்காப் பட்டை ஒன்று கிடந்தது, அளவெடுத்ததுபோல இருந்தது. வக்கீல் துருத்தி இழுத்தார். கங்கையா கூப்பிடாமலே வந்து சம்மட்டியை எடுத்தான். செங்கம்மா குறடு பிடித்தாள். கண்ணைச் சுருட்டி, ஒடிந்த பட்டையோடு வைத்து வளைவைச் சரிபார்த்து, மறுபடி காய்ச்சினாள். வெயில் ஏற ஏற அவளுக்குப் பதைப்பும் ஏறியது. செக்கச் செவேலென்று ஆகட்டும் என்று பார்த்தாள், ஆனது போலவும் இருந்தது, ஆகாதது போலவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் இழுங்கள் என்று வக்கீலை விரட்டினாள். பிறகு எடுத்து எண்ணெய்த் தொட்டியில் விட்டாள். தொட்டிக்குள்ளிருந்து டிக்கென்று ஒரு சத்தம் வந்தது.

எடுத்துப் பார்த்தால், கண்ணின் ஓரத்தில் முடிபோல ஒரு விரிசல்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தாள். கோணிச்சாக்கு சுருட்டினபடியே ஆணியில் கிடந்தது. பதம் பார்க்கும்போது கோவர்த்தனன் முதல் வேலையாக அந்தச் சாக்கை இறக்கி வாசலை மூடுவான். பகல் வெளிச்சத்தில் எஃகின் சிவப்பு மங்கலாகத் தெரியும். போதாது போதாது என்று காய்ச்சிக் கெடுத்துவிடுவோம். இது அவளுக்குத் தெரியாததா? ஆயிரம் தடவை அந்தச் சாக்கை இறக்கிவிட்டவளே அவள்தான். அவசரத்தில் மறந்து தொலைத்தாள். பட்டையைத் தூக்கி மூலையில் எறிந்தாள். குவியலில் இன்னொரு ஜட்காப் பட்டை இல்லை.

கங்கையா வெளியே போனான். போல்ட்டுகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கையில் அவன் ஜட்காவின் பட்டையே இருந்தது.

"தீஸ்கோ அம்மா, எடுத்துக்கோ. பஸ்ஸே ஓடல, எங் குதுர மட்டும் எங்க போகப்போவுது. நிக்கட்டும்."

கண்ணைச் சுருட்டி முடித்ததும் செங்கம்மா சாக்கை இறக்கினாள். இந்த முறை யாரையும் விரட்டவில்லை. இருட்டில் எஃகு தன் நிறத்தைத் தானே காட்டியது. எண்ணெயில் தோய்த்தாள், சத்தம் வரவில்லை. மறுபடி இளஞ்சூட்டில் வைத்து, காய்ந்த வேலங்குச்சியை அதன்மேல் தேய்த்தபடி இருந்தாள். முதலில் குச்சி கரகரத்தது. கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கியது. குச்சியின் நுனியில் சின்னச் சின்னப் பொறி கிளம்பியதும் பட்டையை எடுத்து ஆறவிட்டாள். ஆறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் யு போல்ட்டை நிமிர்த்தினாள், லாரி டயரை அறுத்துக் கண்ணுக்கு ரப்பர் செய்தாள், அதன் பிறகும் கை சும்மா இருக்காமல் பட்டறையைப் பெருக்கினாள். பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்குவதை வக்கீல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

பட்டையைக் காரில் ஏற்றினார்கள். கடைசி முடுக்கு மட்டும் கார் ஜாக்கியில் நிற்கும்போது கூடாது. ஆள் உட்கார்ந்து, பட்டை அமுங்கின பிறகுதான் முடுக்கவேண்டும், இல்லாவிட்டால் முதல் பள்ளத்திலேயே ரப்பர் முறுக்கிக் கிழியும். வக்கீலை வலதுபக்கமும் கங்கையாவை இடதுபக்கமும் உட்காரவைத்து முடுக்கினாள். துரைமார் சீட்டில் உட்கார்ந்த கங்கையா எதிரே நின்ற தன் குதிரையைப் பார்த்துக் கையை ஆட்டினான். அந்தக் காலையில் செங்கம்மா சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பதம் பார்த்தவர் எவரோ அவர்தான் முதல் ஓட்டத்தில் அந்தப் பட்டைக்கு மேலே உட்கார்ந்து போகவேண்டும். ஏரிக்கரை வரை போய் வந்தால் போதும். கொல்லன் ஏறாத வண்டியை எந்த லாரிக்காரனும் எடுத்துப் போகமாட்டான். தன் வேலையைத் தானே நம்பி ஏறாதவனை வேறு எவன் நம்புவான்? கோவர்த்தனன் ஏறினால் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. கூரையில்லாத சிவப்புக் காரில், வேற்று ஆணின் பக்கத்தில், முகமெல்லாம் கரியோடு செங்கம்மா ஏறினாள். முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டாள். ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏரிக்கரை வந்தது. வக்கீல் வேகத்தைக் குறைத்து அவளைப் பார்த்தார். இதற்கப்புறம்தான் ரோடு மோசம், போங்கள் என்றாள். அது உண்மைதான். தன் புருஷனைத் தானே போய் அழைத்துவரவேண்டும் என்பதும் உண்மை.

கார்வேட்டிநகரம் தாண்டும்வரை அவள் காதெல்லாம் இடதுபக்கச் சக்கரத்தில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்தாள். கிறீச்சென்று ஏதாவது கேட்டால் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தாள். அது கதவின் சத்தமாக இருக்கும், இல்லை வக்கீலின் செருப்பாக இருக்கும். வயலில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வாய் பிளந்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். இருட்டுவதற்குள் அவன் வீட்டில் இருப்பான். குறட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு வழக்கம்போலத் துருத்தியில் உட்கார்ந்துவிடலாம். கருவாட்டுக் குழம்பு வைக்கலாம். பட்டை உடையாமல் தாங்கியது.

சித்தூர் கோர்ட் வளாகத்துக்குள் கார் நுழைந்தபோது மாஜிஸ்திரேட் இன்னும் வந்திருக்கவில்லை. புளியமரத்தடியில் மறியல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோவர்த்தனன் அவர்களிடமிருந்து தள்ளி, தனியாகக் குந்தியிருந்தான். அவனோடு யாரும் பேசவில்லை போலிருந்தது. மனிதன் பாதியாக இளைத்திருந்தான். காரிலிருந்து தன் பெண்டாட்டி இறங்குவதைக் கண்டு எழுந்து நின்றான்.

வக்கீல் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். கொப்புளத்தைக்கூடக் காட்டினார். கோவர்த்தனன் பாதிக்கு மேல் காதில் வாங்கவில்லை. கான்ஸ்டபிளிடம் தெலுங்கில் ஏதோ கெஞ்சினான். தொந்தரகா ரா, சீக்கிரம் வந்துவிடு என்று சொல்லி கான்ஸ்டபிள் இடுப்புக் கயிற்றைத் தளர்த்தி விட்டான். கோவர்த்தனன் காருக்கு அடியில் படுத்தான். விரலை மடக்கிப் பட்டையைத் தட்டினான், காதை வைத்துக் கேட்டான், மறுபடி தட்டினான்.

"யாரு பதம் பாத்தது?"

"நான்தான்."

"சாக்கு உட்டியா?"

"மொதல்ல உடல. ஒண்ணு வெடிச்சிப்போச்சி. அப்பறம் உட்டுட்டேன்."

வெளியே வந்தவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சிரிப்பை அவன் தனக்காகச் சிரித்ததில்லை என்று செங்கம்மாவுக்குத் தோன்றியது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு அவன் திரும்பி, புளியமரத்தடியில் இருந்தவர்களைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது.

"வக்கீல் சார், எனக்கு ஜாமீனு வாணாம்," என்றான் கோவர்த்தனன். "பட்டறைய நெனச்சித்தான் ஒத்துக்கினேன். இவளே பாத்துக்குவா. அவங்கள வுட்டுட்டு நான் மட்டும் வூட்டுக்குப் போனா, துன்ற சோறு எறங்காது எனக்கு."

வக்கீல் வாதாடிப் பார்த்தார். கோர்ட்டுக்கு உள்ளேதான் அவருக்கு வாதம் நன்றாக வரும் போலும். கோவர்த்தனன் அசையவில்லை. செங்கம்மா குறுக்கே வந்தாள்.

"பட்ட பதம் தப்பியிருந்தா நீ வூட்டுக்கு வந்திருப்ப, இல்லயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்லியிருக்கலாம்.

"வந்திருப்பேன்."

செங்கம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வெடித்துப்போன முதல் பட்டையையே மாட்டியிருக்கலாமே என்று நினைத்தாள். தன் கையையே வெறுத்தாள். அந்த வெறுப்புக்கு நடுவிலும், அவன் காதை வைத்துத் தட்டிப் பார்த்துச் சிரித்தானே, அது இனித்துக்கொண்டே இருந்தது. அதற்காகத் தன்மேல் இன்னும் கோபம் வந்தது. புத்தூருக்கும் சித்தூருக்கும் நடுவில் எத்தனை எல்லை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், இவனை மட்டும் விடுங்கள் என்று அங்கே யாரிடம் போய்ச் சொல்வது?

ஓடி வந்ததில் யு போல்ட் தளர்ந்திருக்கும், இன்னொரு தடவை முடுக்கிக்கொள் என்றான் கோவர்த்தனன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

செங்கம்மா ஸ்பேனரை அவன் கையில் திணித்தாள்.

"நீயே முடுக்குயா. நாளைலேர்ந்து எல்லாத்தையும் நான்தான முடுக்கப்போறேன்."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இடதுபக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், பாரம் வேண்டுமல்லவா. கோவர்த்தனன் மறுபடி காருக்கு அடியில் படுத்தான். கயிறு பிடித்தவன் கோர்ட் வாசலைப் பார்த்தபடி நின்றான். கீழே அவன் முடுக்குகிற ஒவ்வொரு முடுக்கும் சீட்டின் வழியாக அவள் உடம்பில் தெரிந்தது. காலையிலிருந்து பறந்துகொண்டிருந்தவள் இப்போது அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இந்த வேலை இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் அவள் ஏற்கெனவே நன்றாகத்தான் முடுக்கியிருந்தாள். அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.