முதல் தடவை வேண்டாம்

கதவு சாத்தியாகிவிட்டது. இரண்டு பெட்டிகளோடு படிக்கட்டில் நிற்கிறேன். தங்கியிருந்த விடுதியைக் காலையிலேயே காலி செய்தாயிற்று. படிக்க வந்த இந்த அந்நிய ஊரில் அலைந்து திரிந்து கிடைத்தது ஒரே ஒரு அறை. அதையும் என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னடி உளர்ற? ரூம் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருந்துதுக்கா. ஜன்னலோரம் மேசை, காலேஜுக்கு நடந்தே போயிடலாம். தையல்காரம்மா ஒருத்தங்க வீடு. 'எடுத்துக்கறியா'ன்னு கேட்டாங்க. நான், 'ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம், வேணாம்'னேன்."

"அப்புறம்?"

"சரின்னு நான் வெளிய போகக் கதவைத் தொறந்து விட்டுட்டாங்க. இன்னொரு தடவை கேப்பாங்கன்னு நெனச்சேன்..."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி லூசு! அது என்ன சித்தி வீட்டுக் காப்பியா? மூணு தடவை கெஞ்சினப்புறம் வாங்கிக் குடிக்க?"

"சிரிக்காதக்கா, அழுதுடுவேன். அம்மா பழக்கினதுதானே? கேட்ட உடனே கை நீட்டினா தொடையில கிள்ளுவாங்கல்ல?"

"அங்க கிள்ள ஆளில்ல. வெக்கத்தைப் பெட்டில வச்சுப் பூட்டிட்டுப் போய்க் கதவைத் தட்டு."

தட்டினேன். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில், அம்மாவின் கிள்ளல் வரை எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வேணும்ங்கறதுக்கு வேணாம்னு சொல்றதா? நல்ல மரியாதைம்மா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ போனதும் இன்னொரு பொண்ணுக்குச் சொல்லிட்டேனே. காலைல பாக்க வரா. அவ வேணாம்னாதான் உனக்கு."

என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். பெட்டி ஒன்றை உள்ளே இழுத்தார். "ராத்திரி சோபால படுத்துக்கோ. இதோ பாரு, ஒரு தடவைதான் கேப்பேன்..."

அவர் முடிப்பதற்குள், "சரிம்மா!" என்றேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இப்போது அந்தச் சோபாவில்தான் படுத்திருக்கிறேன். யாருக்கோ தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை, குளிருமே என்று எனக்குப் போர்த்திவிட்டுப் போனார். 'ரூம் கெடச்சுதா கண்ணு?' என்று அம்மாவிடமிருந்து செய்தி வந்து கிடக்கிறது. பதில் போடவில்லை. தூக்கமும் வரவில்லை.

காலையில் வருகிறவளிடமும் இந்த அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்பார். அவளையும் எங்கள் அம்மா மாதிரி ஓர் அம்மா கிள்ளிக் கிள்ளி வளர்த்திருப்பாளா?