சிங்காரத்தின் ஸ்பேனர்

“ரெண்டாயிரம் பேரு சார். பொம்பளைங்களச் சேக்கல. அத்தினி பேரும் அடிச்சாங்க. நான் ஒரு தடவகூட கண்ண மூடல!”

சிதம்பரத்தில் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அய்யனார் இப்படிச் சொன்னபோது, அவனுடைய இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி இறுக மூடித்தான் கிடந்தது. எஸ்.ஐ. அதைப் பேனாவால் காட்டினார்.

“இது?”

“இது வீக்கம் சார். மூடுறது வேற.”

“தோ பாருய்யா. டிரைவருக்கு வலிப்பு வந்துதான் மோதிட்டான்னு ஊரே சொல்லுது. ஒன் பையில வலிப்பு மாத்திரை வேற இருக்குது. எழுதி அனுப்பிட்டா லைசென்ஸ் அவ்ளோதான்.”

அய்யனார் பக்கத்தில் பார்த்தான். வண்டி ஓனரும் பெண்டாட்டியின் அண்ணனுமான சிங்காரம், மடியில் வீல் ஸ்பேனரை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார்.

ஒரு காலத்தில் அய்யனாருக்கு வலிப்பு வந்தால் துறைமுகத்தில் கட்டிய விசைப்படகுகள் ஆடும் என்பார்கள். அதெல்லாம் பழைய கதை. மாத்திரைக்குக் கட்டுப்பட்டு, மூன்று வருஷமாக உடம்பில் ஒரு துடிப்பு இல்லை. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும் லைசென்ஸ் எடுத்தான். கடலூர் ஆபீசுக்குப் போய், ஊனமுற்றோர் உதவித்தொகையை நிறுத்தச் சொன்னான். “குடுக்கச் சொல்லித்தான்யா வருவாங்க, தலையில அடி கிடி பட்டுதா?” என்று கிளார்க் நாற்காலியோடு திரும்பிப் பார்த்தார். மணியார்டர் நின்றது. பெண்டாட்டி ராஜாமணி ஒரு வாரம் குழம்பில் உப்பே போடவில்லை.

சிங்காரம் தன் குட்டியானையை, அதாவது அந்தச் சின்ன லோடு வண்டியை, அவனிடம் கொடுத்தார். நம்பிக்கையை மட்டும் கொடுக்கவில்லை. “வலிப்பு எங்கயும் போவாது மாப்ள. உள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கும்” என்பார். ஒவ்வொரு லோடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். கையில் இரும்பைத் திணித்தால் வலிப்பு நிற்கும் அல்லவா, அதற்குத்தான் மடியில் ஸ்பேனர். அய்யனார் தும்மினால் போதும், ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் ஸ்பேனரும் ஏறிவிடும்.

இன்று கருவாட்டு லோடு. சிதம்பரம் சாலையில், போதையில் ஒருவன் சந்திலிருந்து பைக்கோடு பாய்ந்து வண்டியின் விலாவில் மோதினான். அவன் கால் மடங்கிவிட்டது. ஓடியிருக்கலாம். அய்யனார் ஓடாமல் அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். ஆட்டோ நகர்ந்ததும் முதல் அறை விழுந்தது.

பிறகு விழுந்தவற்றுக்குப் பெயர் கிடையாது. செருப்பு, சவுக்குக் கட்டை, சைக்கிள் பம்ப்பு. லோடிலிருந்தே உருவிய காய்ந்த சுறாவால் ஒருவன் முதுகில் சாத்தினான். அடித்த வேகத்தில் சுறாவுக்கு உயிர் வந்திருக்கும். அய்யனாரின் முன்பல் ஒன்று தார் ரோட்டில் துள்ளி ஓடியது.

“விழு மாப்ள! இழுத்துக்கினு விழு! உட்ருவாங்க!” என்று வண்டிக்குள்ளிருந்து சிங்காரம் கத்தினார்.

உண்மைதான். வலிப்புக்காரனை யாரும் அடிக்கமாட்டார்கள். அய்யனாருக்கு விழவும் நன்றாகத் தெரியும், எத்தனை வருஷப் பழக்கம்! ஆனால் இன்றைக்கு விழுந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது. உதவித்தொகையும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது மண்டையில் ஒரு கட்டை இறங்கியது. கண்ணோரத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் எழுந்தது. அந்தக் காலத்தில் வலிப்புக்கு முன்னால் வரும் அதே வெளிச்சம். இமைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று தோன்றியது. கண்ணில் ரத்தம் வழிய, இமைக்காமல் அதையே முறைத்தான். வெளிச்சம் வளரவில்லை, நகரவும் இல்லை. உடைந்து கிடந்த சைடு மிரரில் வெயில்!

அவன் சிரித்தான். அதற்கும் அடித்தார்கள்.

“ஓனரு உள்ள குந்தியிருக்கான்டா!” என்று யாரோ கதவைத் திறந்தார்கள். ஓங்கிய கை கன்னத்தைத் தொடவில்லை, சிங்காரம் தொப்பென்று ரோட்டில் விழுந்தார். கை காலை வெட்டிக்கொண்டார், நுரை தள்ளினார். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. “இரும்பு! இரும்பக் குடுங்கய்யா!” அடித்த கைகளே பறந்தன. சாவிக்கொத்து, அரிவாள், கிணற்று ராட்டினம்கூட வந்தது. கடைசியில் அவருடைய ஸ்பேனரையே அவர் கையில் திணித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, விசிறிக்கொண்டிருந்தபோதுதான், எஸ்.ஐ. இல்லாமல் போலீஸ் ஜீப் வந்தது.

“அப்ப வலிப்பு வந்து விழுந்தது யாருய்யா?” எஸ்.ஐ. குரலை உயர்த்தினார்.

அய்யனார் உதட்டு ரத்தத்தை நக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தான். சொன்னால் மச்சானின் மானம் கடலூர்வரை நாறும். சொல்லாவிட்டால் தன் பிழைப்பு. உதட்டு ரத்தத்தை நக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

சிங்காரம் எழுந்தார். ஸ்பேனரை மேஜைமேல் வைத்தார். உள்ளங்கையில் துரு அச்சாகப் பதிந்திருந்தது.

“நான்தான் சார் விழுந்தன். அடிக்குப் பயந்து, சும்மா. மாப்ளைக்கு ஒண்ணும் வரல. பைக்குக்காரன்தான் வந்து மோதுனான்.”

எஸ்.ஐ. அவரையே பார்த்தார்.

“மெய்யாலுமே ரெண்டாயிரம் பேரு சார்” என்றார் சிங்காரம். “இவன் கண்ண மூடல.” பிறகு, கொஞ்சம் மெதுவாக: “பொம்பளைங்களச் சேக்கல.”