சிரிப்பு அடங்கும்வரை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. நூற்றுச்சொச்சம் பேர் சேர்ந்து சிரித்த சிரிப்பு. அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இதில் வரும் நூலகர் நான்தான். ஆனாலும் 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதிய மூன்று தொடக்கங்களிலும் பேனா என் பக்கமே சாய்ந்தது. அவற்றில் ஒன்று:

தோழிக்கு உடம்பு சரியில்லாதபோது, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் நான்

போதும். வேலையாவது மண்ணாவது.

2

நூலகத்துக்குப் பின்தெருவில் ஒரு தையற்கடை. கடைக்காரியும் நூலகரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருத்தி தும்மினால் இன்னொருத்திக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று [அளக்கிறேன், அடித்துவிடலாம்]. வாரத்தில் நாலு நாளாவது சாயங்காலம் நூலகர் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவாள். அது உண்மை.

தையற்காரிக்கு மார்பில் கட்டி வந்தது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். நூலகர் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. ஏழு வாரம். ஏன் என்று கேட்பீர்கள். பயம் என்று ஒரு வரைவில் எழுதினேன். ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கொள்ளாது என்று இன்னொன்றில். போய் என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் தினமும் "நாளைக்கு வர்றேன்" என்று செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எட்டாவது வாரம் போனாள். தையற்காரி தன் சட்டைகளையெல்லாம் பிரித்து, ஒரு பக்கம் வெட்டுத்துணி அடைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். முதல் சட்டையில் அடைத்தது நழுவி வயிற்றில் இறங்கியதையும், பிள்ளைத்தாச்சி என்று நினைத்துப் பேருந்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்ததையும் நடித்தே காட்டினாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஓய்ந்த பிறகு, ஊசியில் நூல் கோத்தபடியே அவள் சொன்னாள்: "நீ வரலையேடி."

சண்டையாகச் சொல்லவில்லை. நூலகர் வீட்டுக்கு வந்ததும் பேருந்துக் கதையை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

3

குடியிருப்பு நாடகக் குழுவை நடத்துவது மருந்துக்கடைக்காரர். இரண்டு பெண்களின் சிநேகத்தைப் பற்றிச் சிரிப்பும் அழுகையுமாக ஒரு நாடகம் வேண்டும் என்றார். நூலகரிடம் நோட்டு இருந்ததே. பத்தே நாளில் எழுதிக் கொடுத்தாள்.

அதில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாளே, பை நிறைய வெட்டுத்துணியோடு தோழி வந்து நிற்கிறாள். தோழியாக நடித்ததும் நூலகரே. நாடகத்துத் தையற்காரியாகக் கணக்கு டீச்சர். அசல் தையற்காரிக்கு மேடை என்றாலே கூச்சம். பக்கத்துத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, மறந்துபோன வசனத்தை எடுத்துக்கொடுப்பது அவள் வேலை.

முதல் வாசிப்பன்று அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்த சீன்ல நீ எதுக்கு வர்ற?"

"நாடகம்தானேடி. ரெண்டு பேர் இருந்தாத்தானே பேச்சு."

தலையாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆறு வாரம், ஒரு சொல் மாற்றாமல் எடுத்துக்கொடுத்தாள்.

[அப்போதே அவள் ஏன் எழுந்து போகவில்லை? இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. பாத்திரத்தைச் சந்தேகப்படுவது எழுதுகிறவளுக்கு எவ்வளவு சௌகரியம், பாருங்கள்.]

மருந்துக்கடைக்காரர் ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். ஜனங்கள் சிரிக்கும்போது பேசக்கூடாது. அடங்கும்வரை அப்படியே நிற்கவேண்டும்.

4

முதல் காட்சியன்று கூடம் நிறைந்துவிட்டது. நூலகர் பையோடு மேடைக்குள் வந்தாள். "வாடி, உனக்காகத்தான் பாதியில நிறுத்தி வெச்சிருக்கேன்" என்று கணக்கு டீச்சர் சொல்லவேண்டும். டீச்சருக்கு வசனம் மறந்துவிட்டது. கண்ணைத் திரைப் பக்கம் ஓட்டினாள்.

திரைக்குப் பின்னாலிருந்து வசனம் வந்தது. டீச்சர் கேட்டதைக் கேட்டபடி உரக்கச் சொன்னாள்.

"நீ வரலையேடி."

எதிரே, இரண்டு கையிலும் பையைப் பிடித்துக்கொண்டு நூலகர் நிற்கிறாள். வந்து நிற்பவளைப் பார்த்து வரவில்லை என்றால்? கூடம் வெடித்துச் சிரித்தது. முன்வரிசையில் ஒருவருக்குப் புரையேறியது.

நூலகர் என்ன செய்தாள் என்பதுதான் கதை. ஓடிப்போய்த் திரையை விலக்கவில்லை. அழவில்லை. சிரிப்பு அடங்கும்வரை, சொல்லிக்கொடுத்தபடி அசையாமல் நின்றாள். அதன்பிறகு தன் வசனத்தைச் சுத்தமாகச் சொன்னாள்.

இடைவேளையில் மருந்துக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை மொதல்லயே எழுதியிருக்கக் கூடாதா? நாளைக்கும் வெச்சுக்குவோம்." முக்காலியின்மேல் நாடகப் பிரதி ஒழுங்காக மூடி வைக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்திருந்தவளைக் காணோம்.

"வெச்சுக்குவோம்" என்று அவள்

"வெச்சுக்குவோம்" என்றேன் நான்.

5

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

ஒன்று: நூலகர் கடைக்குப் போகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மருந்துக்கடைக்காரருக்குப் பிடிக்கும்.

இரண்டு: மறுநாள் காட்சியில் டீச்சர் அந்த வசனத்தைச் சொன்னதும், நூலகர் பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, வரலை" என்கிறாள். கூடம் அமைதியாகிறது. இதை ஒரு பக்கம் எழுதி, நானே அழுதேன். நடந்தது வேறு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் நின்றேன். மூன்றாம் நாள் சிரிப்புதான் நீளம். அந்த இரண்டு நாளும் முக்காலி காலி.

மூன்று: தையற்காரி இந்தக் கதையைப் படிக்கிறாள். தன்னைக் கேட்காமல் தன் மார்பை இரண்டாம் தடவையும் ஊருக்குக் காட்டியிருக்கிறேன் என்று அவளுக்குப் புரிகிறது. இதை முடிவாக வைக்க எனக்குத் தைரியமில்லை. நீங்களோ ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

6

இந்தக் கதையை எழுதப் பதினோரு நாள் ஆயிற்று. கடைக்கு நடந்துபோக நாலு நிமிஷம். மணி ஆறேகால். ஏழுக்குக் கடையை மூடுவாள். எழுந்து போனால் முடிவு தானாகக் கிடைத்துவிடும். அவள் வாயில் என்ன வருகிறதோ அதுதான்.

[போவதற்கு முன் இரண்டாம் பகுதியை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அந்தத் தும்மல் வாக்கியத்தை அடிப்பதா, விடுவதா?]

விட்டுவிட்டேன். ஏழு பத்து ஆகிவிட்டது.

அவசரப்படுகிறவர்கள் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இப்போதுதான் செய்தி அனுப்பினேன், நாளைக்கு வர்றேன் என்று.